எல்லை தாண்டி வீடு வாங்கி வாடகைக்கு விடப் போறீங்களா? கேள்வி பதில்

கேரளத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் பத்திர வேலைதான் என் தொழில். பாலக்காட்டு மாவட்டத்தில் வாடகை வருமானத்துக்காக வீடு வாங்குவோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்றேன்.

பொள்ளாச்சி வாசகர்: அண்ணா, கஞ்சிக்கோட்டில் 30 லட்சத்துக்கு ஒரு வீடு வருது. மாசம் 9,000 வாடகை போகும்ங்கிறாங்க. 20 லட்சம் லோன் போட்டு வாங்கலாமா?

லோன் போட்டுன்னா வேண்டாம் தம்பி. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 33 லட்சம் ஆயிடுது. ஆள் மாறும்போது ஒரு மாசம் பூட்டிக் கிடக்கும்னு வெச்சா வருஷத்துக்கு 99,000 வரும். கட்டிட வரி, பெயிண்ட், மோட்டார் ரிப்பேர்னு 20,000 போனா மிச்சம் 79,000. போட்ட பணத்துக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை. 9 சதவீத வட்டியில் 20 வருஷ லோனுக்கு மாசத் தவணையே 18,000 பக்கம் வரும். வாடகை அதில் பாதிதான். கைக்காசு இருந்து, இடத்தின் மதிப்பு ஏறும்னு நம்பினா மட்டும் யோசிங்க. அப்பவும் ஆடி மழையில் ஒருதடவை போய்ப் பாருங்க. சன்ஷேடுக்குக் கீழே பெயிண்ட் கொப்புளிச்சிருக்கா, பாத்ரூம் சுவருக்குப் பின்பக்கம் உப்புப் பூத்திருக்கான்னு கையை வெச்சுத் தடவிப் பாருங்க. மாசியில் போனா எல்லாம் காய்ஞ்சு அழகாத்தான் தெரியும்.

கோவை வாசகி: பாலக்காடு டவுனில் குடித்தனக்காரர் இருக்கிற வீட்டை விலை பேசியிருக்கோம். வாங்கினதும் காலி பண்ணச் சொல்லலாமா சார்?

முடியாதும்மா. வீடு எந்த மாநிலத்தில் நிற்குதோ அங்கத்த சட்டம்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டத்தை இங்கே நினைச்சுக்காதீங்க. கேரளத்தில் இன்னும் 1965-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். சொந்தக் குடியிருப்புக்கு வேணும்னு மனுப் போடக்கூட, கிரயம் வாங்கின தேதியிலிருந்து ஒரு வருஷம் பொறுத்தாகணும். அதுவே கடையா இருந்து, அந்த வியாபாரத்தை நம்பித்தான் அவர் பிழைக்கிறார், பக்கத்தில் வேற தோதான கட்டிடமும் இல்லைன்னா, கோர்ட் அவர் பக்கம்தான் நிற்கும். அவரும் குடும்பத்தை வெச்சுப் பிழைக்கிறவர்தானே. அதனால காலி செஞ்சு சாவி கைக்கு வந்த பிறகே கிரயம்னு அட்வான்ஸ் போடும்போதே ஒப்பந்தத்தில் எழுதிடுங்க. இதில் மட்டும் தயவுசெஞ்சு வாய்வார்த்தையை நம்பாதீங்க.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: 11 மாச அக்ரிமென்ட் போட்டா பாதுகாப்புதானே?

ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா பதிவு கட்டாயம், அதைத் தவிர்க்கத்தான் 11 மாசம். மேலே சொன்ன 1965-ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் அமலில் இருக்கிற இடத்தில், கெடு முடிஞ்சதை மட்டும் காரணம் காட்டி ஆளை வெளியேத்த முடியாது. உங்க பஞ்சாயத்து அதில் வருதான்னு வக்கீலிடம் முதலில் கேளுங்க.

வாளையார் வாசகர்: வடநாட்டுத் தொழிலாளர் எட்டுப் பேர் ஒரே வீட்டைக் கேட்கிறாங்க. விடலாமா அண்ணா?

தாராளமா விடுங்க, வாடகை ஒழுங்கா வரும். ஆனா நாலு பேருக்குக் கட்டின செப்டிக் டேங்க் எட்டுப் பேரைத் தாங்காது. கக்கூஸ் வசதி, தண்ணி இரண்டையும் முதலில் சரிபண்ணிக் கொடுங்க, அவங்களும் மனுஷங்கதான். அக்ரிமென்டைக் கான்ட்ராக்டர் பேரில் போட்டு, தங்கறவங்க ஒவ்வொருத்தரோட அடையாள அட்டை நகலும் வாங்கிக்கோங்க. கரண்ட் பில் இரண்டு மாசத்துக்கு ஒருக்கா, உங்க பேரில்தான் வரும். காலி பண்ற அன்னிக்கு மீட்டர் ரீடிங்கை அவங்க முன்னாலயே போட்டோ எடுத்துட்டு, அதுக்குண்டான பணத்தைக் கழிச்சு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க.

உடுமலை வாசகர்: தமிழ்நாட்டில் பட்டா பார்ப்போம். அங்கே எதைப் பார்க்கணும்?

முன்னாதாரம் (முந்தின பத்திரம்), வில்லங்கச் சான்று, வில்லேஜ் ஆபீசில் கட்டின நிலவரி ரசீது, தண்டப்பேர் நம்பர் (வில்லேஜ் ஆபீஸ் நிலவரிக் கணக்கில் ஓனருக்கு உள்ள எண்). எல்லாத்துக்கும் மேல, ரெக்கார்டில் 'புரயிடம்'னு (வீடு, தோட்டத்துக்கான இடம்) இருக்கா, 'நிலம்'னு இருக்கான்னு பாருங்க. 'நிலம்'னா வயல். 2008-ஆம் வருஷத்து நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும். மேலே பெரிய வீடே நின்னாலும் இதைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

துபாயிலிருந்து ஒருவர்: சித்தூர் வீட்டுக்கு வாடகை மாசம் 12,000தான். இதுக்குமா வரிப்பிடித்தம்?

ஆமாங்க. மாசம் 50,000-க்கு மேலே போனாத்தான் பிடித்தம்ங்கிற வரம்பெல்லாம் உள்ளூர் ஓனருக்குத்தான். ஓனர் வெளிநாட்டில் வசிப்பவரா இருந்தா, வாடகை எவ்வளவு சின்னதானாலும் குடியிருப்பவர் செஸ்ஸோடு 31.2 சதவீதம் பிடிக்கணும். வருஷக் கடைசியில் கணக்குத் தாக்கல் செஞ்சா, 30 சதவீதக் கழிவெல்லாம் போக, கூடுதலா பிடிச்சது திரும்ப வரும். குறைஞ்ச பிடித்தத்துக்கு வருமான வரித் துறையில் முன்கூட்டியே மனுப் போட்டுச் சான்றும் வாங்கலாம்.