வம்பும் துப்பும்

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் பரிந்துரைத்த ‘பிக் லிட்டில் லைஸ்’ நாவலைப் படித்தேன். பள்ளி வாசலில் தாய்மார்கள் பேசும் வம்புதான் முக்கால்வாசிப் புத்தகம். அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிக்கப் பழக்கும் கதையை ஓர் இலக்கியப் பத்திரிகை தூக்கிப்பிடிக்கலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: முக்கால்வாசி வம்பு என்ற கணக்கு சரிதான். அந்த வம்பு எந்த வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது என்பதைத்தான் கவனிக்கத் தவறிவிட்டீர்கள்.

ஆஸ்திரேலிய எழுத்தாளர் லயேன் மோரியார்ட்டியின் இந்த நாவல் 2014இல் வந்தது. சிட்னிப் பக்கத்துக் கடலோர ஊர். பள்ளியில் பெற்றோருக்கு வினாடிவினா இரவு. பெண்கள் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் வேடத்திலும் ஆண்கள் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வேடத்திலும் வருகிறார்கள். ஓர் உயிர் போகிறது. போனது யாருடைய உயிர் என்று சொல்லாமலே கதை ஆறு மாதம் பின்னோக்கிப் போகிறது. நடுநடுவே பெற்றோர்கள் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லும் துணுக்குகள். பிறந்தநாள் விருந்துக்கு யாரை அழைக்கவில்லை என்பதுவரை ஊருக்குத் தெரியும்.

சிறுவன் ஸிக்கி ஒரு சிறுமியின் கழுத்தை நெரித்தான் என்று பழி விழுகிறது. அவன் தாய் ஜேனுக்கு வயது 24, கணவன் இல்லை, ஊருக்குப் புதியவள். பையனைப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யச் சொல்லிக் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதே ஊரில், எல்லோரும் பொறாமைப்படும் செல்வச் செழிப்பான வீட்டில், செலஸ்ட் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒருவர் பார்வையும் போவதில்லை. சந்தேகம் எளியவர்களைத்தான் முதலில் தேடிப் போகும் என்று இவ்வளவு தெளிவாகக் காட்டும் கதையையா சந்தேகிக்கப் பழக்குகிறது என்கிறீர்கள்?

செலஸ்ட் வழக்கறிஞராக இருந்தவள். ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து, கணவனுக்காகத் தனக்கு எதிராகவே வாதாடுகிறாள். நானும்தானே கை ஓங்கியிருக்கிறேன் என்று நியாயம் தேடுகிறாள். ஆலோசகர் அறிவுரை சொல்லி அனுப்பிவிடவில்லை; அடுத்த முறை அவன் அடித்தால் என்ன செய்வதாக இருக்கிறாய் என்று கேட்கிறார். பிறகு அவள் கணவனுக்குத் தெரியாமல் ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கிறாள். அங்கே எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்தது யார் என்ற புதிர்கூட என்னை அந்த அளவுக்குப் பதறவைக்கவில்லை. கதை முடிச்சில் ஒரு தற்செயல் மிகையாக இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

புத்தகம் இன்னும் கையில் இருந்தால் அந்தத் துணுக்குகளை மட்டும் மறுபடி புரட்டிப் பாருங்கள். அத்தனை பேர் பேசுகிறார்களே, செலஸ்டின் உடம்பில் இருந்த காயத்தைப் பற்றி யார் வாய் திறக்கிறார்கள் என்று தேடுங்கள்.