வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போங்கள்

கேள்வி: செப்டம்பரில் மகனைப் பார்க்க அமெரிக்கா போகிறோம். நியூ மெக்ஸிகோவில் சான்டா ஃபேயிலிருந்து தாவோஸ் வரை காரில் கூட்டிப்போகிறேன் என்கிறான். அப்படி என்ன இருக்கிறது அங்கே? (வாசகி, கும்பகோணம்)

அம்மா, இரண்டு வழி உண்டு. கீழ்ப்பாதை ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டியே போகும். சுமார் 110 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மேல்பாதை மலைக் கிராமங்களைத் தொட்டுக்கொண்டு வளைந்து வளைந்து ஏறும். போகும்போது மேலே, திரும்பும்போது கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பொதுப்பணித் துறையில் 31 வருஷம் வாய்க்கால் மேய்த்தவன். அதனால் என் கண் தண்ணீர் மேல்தான் போகும். அங்கே ஸ்பானிய வழிவந்த விவசாயிகள் வாய்க்காலை ‘அசேகியா’ என்கிறார்கள். சொல் அரபியிலிருந்து ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து கடல் தாண்டி வந்தது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாசனக்காரர்களே தேர்ந்தெடுக்கும் ‘மயோர்தோமோ’ உண்டு. யாருக்கு எப்போது முறை என்பதை அவர்தான் சொல்வார். வசந்த காலத்தில் வீட்டுக்கொரு ஆள் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும். நம்மூர் குடிமராமத்து பெரும்பாலும் பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அங்கே இன்னும் நடக்கிறது.

மேல்பாதையில் முதலில் சிமாயோ. 1816-இல் கட்டி முடித்த மண் கோயில். உள்ளே ஒரு சின்னக் குழி. அதிலுள்ள மண் நோய் தீர்க்கும் என்று புனித வெள்ளிக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்தே வருகிறார்கள். குழி வற்றுவதே இல்லையே என்று வியந்தேன். பக்கத்திலிருந்து மண் கொண்டுவந்து நிரப்புவார்களாம். அதை மறைப்பதும் இல்லை. என் மனைவி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டாள்.

அடுத்து, 1751-இல் பன்னிரண்டு குடும்பங்கள் குடியேறிய லாஸ் ட்ராம்பாஸ். எல்லோரும் கோயிலைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் ஊரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்துங்கள். குடைந்த மரத்தடிகளைக் கோத்து, பள்ளத்துக்கு மேலே தண்ணீரைக் கடத்தும் தொட்டிப்பாலம் ஒன்று சாலையோரமே இருக்கிறது. எனக்குக் கோயிலைவிட அதுதான் பிடித்தது.

கீழ்ப்பாதையில் எம்புடோ. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை ஆற்று நீரோட்டத்தை அளக்க 1889-இல் தன் முதல் நிலையத்தை நிறுவிய இடம். “அளவுகோலைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றாள் மனைவி. நான் அரைமணி நேரம் நின்றேன்.

கேள்வி: பியூப்ளோ என்றால் பழங்குடியினரா? அவர்கள் ஊருக்குள் விடுவார்களா? (வாசகர், மதுரை)

ஆமாம், அங்குள்ள பழங்குடியினரையும் அவர்கள் ஊர்களையும் அப்படிச் சொல்வார்கள். ஸ்பானிய மொழியில் ‘ஊர்’ என்று பொருள், அவ்வளவுதான். வந்த ஸ்பானியர்கள் வைத்த பெயர். 1598-இல் ஓன்யாத்தே என்ற ஸ்பானியத் தளபதி படையோடு வந்து இறங்கிய ஊருக்கும் சான் ஹுவான் என்று பெயர் வைத்தார். 2005-இல் அந்த மக்கள் ‘ஓகே ஓவிங்கே’ என்ற தங்கள் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள். ஸ்பானியர்களுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய போபே அந்த ஊர்க்காரர்தான். 1680-இல் முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரர்களிடம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார். நாளுக்கொரு முடிச்சாக அவிழ்த்து, கடைசி முடிச்சன்று எல்லோரும் ஒன்றாக எழ வேண்டும். ஓட்டக்காரர்கள் இருவர் பிடிபட்டதால் குறித்த நாளுக்கு முன்பே கிளம்ப வேண்டியதாயிற்று. அப்படியும் ஸ்பானியர்களைப் பன்னிரண்டு வருஷம் வெளியே வைத்தார்கள்.

தாவோஸ் பியூப்ளோவுக்குள் கட்டணம் கட்டிப் போகலாம். அடுக்கடுக்கான மண் வீடுகள்; பழைய வீடுகளில் இன்றும் மின்சாரம் கிடையாது, குழாயும் கிடையாது. ஊர் நடுவே ஓடும் ஓடைதான் குடிநீர். அதில் கால் நனைக்காதீர்கள். கேட்காமல் யாரையும் படமெடுக்க வேண்டாம். செப்டம்பர் 30 சான் ஜெரோனிமோ திருவிழாவன்று கேமராவே கூடாது. சடங்கு நாட்களில் ஊரை அடைத்துவிடுவார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள். நான் விசாரிக்காமல் போய், வேறொரு பியூப்ளோவின் வாசலிலிருந்து திரும்பிவந்தவன்.

கேள்வி: சைவம் கிடைக்குமா? (மறுபடியும் கும்பகோணம் வாசகி)

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. சிவப்பு மிளகாய்க் குழம்பிலும் இறைச்சி இருக்கலாம். உட்கார்ந்ததும் “சிவப்பா, பச்சையா?” என்பார்கள். இரண்டும் வேண்டுமென்றால் “கிறிஸ்துமஸ்” என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். நீங்கள் போகும் செப்டம்பரில் கம்பிவலை உருளையில் பச்சை மிளகாயைச் சுழற்றிச் சுழற்றித் தீயில் வாட்டிக்கொண்டிருப்பார்கள். கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.