வீட்டுக் கணினி ஃப்ளைட் சிமுலேட்டருக்கு ஏன் நல்ல எதிர்காலம் இருக்கிறது?

விமானம் பறக்கும் விதத்தைக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும் மென்பொருள்தான் ஃப்ளைட் சிமுலேட்டர். முன்பெல்லாம் ஊர், மலை எல்லாம் நம் ஹார்ட் டிஸ்கில் அடங்க வேண்டும். அதனால் பெரும்பாலும் ஒரே மாதிரி பச்சைத் தரைதான் தெரியும். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்பு இதை மாற்றியது. 2 பெட்டாபைட்டுக்கு (ஒரு பெட்டாபைட் என்பது சுமார் பத்து லட்சம் ஜிபி) மேற்பட்ட நிலப்படத் தரவு சர்வரில் இருக்கிறது. நாம் பறக்கும் பகுதி மட்டும் இணையத்தில் வந்து சேரும். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதே, அப்படி. ஏரியையே வீட்டுக்குள் வைக்க வேண்டாம்.

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டர் வேறு வகையில் அசத்துகிறது: இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் காற்று தரும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிடுகிறது. அதனால், நிஜத்தைப் போலவே, வேகம் குறைந்தபோது மூக்கைத் தூக்கினால் விமானம் அப்படியே தொய்ந்து இறங்கும். எனக்கு இன்றும் சிலிர்க்கும். இணைய வேகமும் கிராஃபிக்ஸ் கார்டும் வளர வளர இரண்டுமே மேம்படும்.

அப்புறம், வீட்டுக் கணினியில் பறந்த மணிநேரம் பைலட் உரிமத்துக்குக் கணக்கில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது, அதற்கு விமானத்துறை ஆணையம் சான்றளித்த கருவி வேண்டும்.