ஏடிபி ஒன்று, கணக்கில் மட்டும் ஏன் இரண்டு?

வணக்கம். புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்து செல்லும் டிஆர்என்ஏவில் அதை ஏற்ற, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றே ஒன்றுதானே செலவாகிறது, விடைக்குறிப்பில் ஏன் இரண்டு என்று இருக்கிறது எனக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் எண்ணியது சரிதான், மூலக்கூறு ஒன்றுதான். ஆனால் அதில் உடையும் பாஸ்பேட் பிணைப்புகளை எண்ணிப் பாருங்கள், விடைக்குறிப்பின் இரண்டு அவைதான்.

ஏற்றும் நொதி முதலில் அமினோ அமிலத்தை ஏஎம்பியுடன், அதாவது ஏடிபியின் ஒரே ஒரு பாஸ்பேட் உள்ள பகுதியுடன் ஒட்டுகிறது. இங்கே உடைவது முதல் பிணைப்பு. அப்போது ஏடிபியின் மற்ற இரண்டு பாஸ்பேட்டுகளும் ஜோடியாக, பைரோபாஸ்பேட்டாகக் கழன்றுவிடும். அந்த ஜோடியை இன்னொரு நொதி வெட்டிப் பிரிக்கிறது. இதுதான் இரண்டாவது பிணைப்பு. இது உடையாவிட்டால் வினை எளிதில் பின்னோக்கித் திரும்பிவிடும். அப்புறம் அமினோ அமிலம் டிஆர்என்ஏவின் நுனியில், சிசிஏ என்ற மூன்று எழுத்து வரிசையில் உள்ள கடைசி அடினோசினுக்கு மாறுகிறது. இதற்குத் தனி ஏடிபி கிடையாது.

தவறான அமினோ அமிலம் ஏறிவிட்டால், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் கண்டுபிடிக்காதா என்றும் கேட்டீர்கள். அருமையான கேள்வி. 1962இல், டிஆர்என்ஏவில் ஏற்றிய சிஸ்டீனை வேதிமுறையில் அலனினாக மாற்றிப் பார்த்தார்கள். சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்தது! ரைபோசோம் பார்ப்பது கோடான் (செய்தி ஆர்என்ஏவின் மூன்றெழுத்துக் குறியீடு) டிஆர்என்ஏவுடன் பொருந்துகிறதா என்பதைத்தான்.

அதனால் சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் ஏற்றும் நொதியுடையது. உதாரணமாக, ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தைவிட வாலின் என்பதில் ஒரே ஒரு சிஎச்2 தொகுதிதான் குறைவு. ஐசோலூசினை ஏற்றும் நொதியின் குழியில் வாலினும் சில நேரம் நுழைந்துவிடும். ஆனால் அதே நொதியில் இன்னொரு சிறிய குழி இருக்கிறது. ஐசோலூசின் அதில் நுழையாது. வாலின் நுழையும், நுழைந்ததும் வெட்டப்பட்டுவிடும்.