நடன வகுப்புச் சுவருக்கு அக்ரிலிக் கண்ணாடி போடலாமா? நாமே வெட்டி ஒட்ட முடியுமா?

பரதநாட்டிய வகுப்புக்குச் சுவர் நீளத்துக்கும் கண்ணாடி வேண்டும், அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் கண்ணாடி உடையாது, எடை குறைவு என்கிறார்கள், வாங்கி நாமே வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டலாம். ஆடக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

திருச்சியில் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. "கண்ணாடிக்கடைக்காரர் வேறு என்ன சொல்வார்" என்று கீழே எழுதக் காத்திருப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். அக்ரிலிக்கும் நான்தான் விற்கிறேன். அதில் உடைசல் நஷ்டம் கிடையாது, ஏற்றி இறக்க ஆள் கூலியும் குறைவு. என் பிழைப்பை மட்டும் பார்த்தால் அதைத்தான் உங்கள் தலையில் கட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு நடன ஆசிரியை, மாடியில் தகரக் கூரை போட்ட ஹாலில் வகுப்பு நடத்துகிறார். உள் அலங்காரம் செய்துகொடுத்தவர் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டுகளை மேற்குச் சுவரில் வரிசையாக நிறுத்தி, நான்கு ஓரமும் ஸ்க்ரூவை இறுக முடுக்கிவிட்டுப் போயிருந்தார். காலை வகுப்பில் ஒரு குறையும் தெரியாது. மாலை வகுப்பில் முட்டியை விரித்து மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஒரு முட்டி உள்ளே போனதுபோல் கண்ணாடியில் தெரியும். ஆசிரியை திருத்துவார், பிள்ளையும் திருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் வந்து நேரில் பார்த்தால் இப்போதுதான் கோணல்! கண்ணில்தான் கோளாறோ என்று மருத்துவரிடம்கூடக் காட்டிவிட்டு வந்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தது ஒரு மாலை நேரத்தில். கண்ணாடிக்குள் தெரிந்த ட்யூப் லைட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு ஷீட்டில் அது மேல் நோக்கி வளைந்திருந்தது, அடுத்ததில் கீழ் நோக்கி. உள்ளங்கையால் நடுவில் அழுத்தினேன். டப்பென்று உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை. வெயில் ஏறினால் அக்ரிலிக் நீளும். கண்ணாடி நீள்வதைப்போல ஏழெட்டு மடங்கு நீளும். எட்டு அடி ஷீட்டுக்கு 20 டிகிரி சூடு கூடினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிறது. நான்கு ஓரமும் முடுக்கியிருந்தால் அந்த வளர்ச்சி எங்கே போகும்? நடுவில் உப்பத்தான் செய்யும். இதோடு சுவரின் மேடுபள்ளமும் சேர்ந்துகொண்டது. மெல்லிய ஷீட் சுவர் எப்படியோ அப்படியே வளைந்துகொடுக்கும்.

அத்தனையையும் கழற்றிவிட்டு, தரமான பிளைவுட் அடித்து மட்டம் பார்த்து, 5 மி.மீ. ரசம் பூசிய கண்ணாடி போட்டோம். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்று 37 கிலோ வரும். பசையை மட்டும் நம்பி இந்தப் பாரத்தைச் சுவரில் நிறுத்தக் கூடாது, அடியில் அலுமினியச் சேனல் தாங்க வேண்டும். தரையிலிருந்து அரை அடி தூக்கித்தான் போட்டோம். கூட்டித் துடைக்கிற ஈரம் ஓரத்தில் ஏறினால் ரசம் கறுத்துவிடும். ஒட்டுகிற சிலிக்கான் பசை வாங்கும்போது 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள். பிதுக்கியதும் வினிகர் நெடி அடிக்கிற ரகம் பின்பூச்சை அரிக்கும். கண்ணாடியின் முதுகில் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். தாளம் தட்டுகிற தட்டுக்கழி கை தவறிப் பறந்து போய்ப் பட்டாலும் சில்லுகள் ஃபிலிமிலேயே நிற்கும். "உடையாது என்பதற்காகத்தானே அக்ரிலிக்" என்கிற உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில். கழற்றிய அக்ரிலிக் வீணாகவில்லை. சலங்கை பூஜை மேடைக்குத் தாமரை தாமரையாக வெட்டிக் கொடுத்தேன்.

இனி வெட்டுவது. கண்ணாடியில் ஒரே கோடுதான். கட்டர் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, ரசப் பூச்சு இல்லாத முன்பக்கத்தில், ஒரே அழுத்தத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுக்க வேண்டும். கை சரியாக இருந்தால் 'சர்ர்' என்று ஒரே சீராகச் சத்தம் வரும், நடுவில் விட்டுவிட்டு வந்தால் அங்கேதான் தப்பி உடையும். போட்ட கோட்டின் மேல் இன்னொரு முறை இழுக்கவே கூடாது. இழுத்த கையோடு மேசை விளிம்பில் வைத்து ஒடித்துவிட வேண்டும். இதை வீட்டில் பழகாதீர்கள். டஃபன்ட், அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி என்றால் கட்டரே வைக்க முடியாது, மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும்.

அக்ரிலிக் நேர்மாறு. முன்பக்க ஃபிலிமை உரிக்காமல், இரும்பு ஸ்கேல் வைத்து, கொக்கிபோல் முனை வளைந்த கத்தியால் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப இழுங்கள். மூன்றில் ஒரு பங்கு ஆழம் இறங்கியதும் ஒடித்தால் 3 மி.மீ. வரை வீட்டிலேயே நேராக வெட்டலாம். வளைவு, பூ, எழுத்து என்றால் லேசருக்குக் கொடுங்கள், முதுகில் பெயின்ட் அடித்த பக்கம் மேலே இருக்கட்டும். துளை ஸ்க்ரூவைவிட இரண்டு மி.மீ. பெரிதாக வேண்டும், இறுக்கமும் கூடாது. துடைக்கச் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரோ தின்னரோ பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும்.

சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நகத்தைக் கண்ணாடியில் வைத்து, பிம்பத்துக்கும் நகத்துக்கும் இடைவெளி இல்லையென்றால் மறுபக்கம் ஆள் பார்க்கிற கண்ணாடி என்று வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறதே, அதை நம்பிக்கொண்டு என் கடைக்கே வந்து ஒவ்வொரு கண்ணாடியாக நகம் வைத்துப் பார்த்தவர் உண்டு. பூச்சு முன்னால் இருந்தால் இடைவெளி இருக்காது, பின்னால் இருந்தால் இருக்கும். அந்தச் சோதனை சொல்வது அவ்வளவுதான். இருவழிக் கண்ணாடியையும் திருப்பி மாட்டினால் இடைவெளி வந்துவிடும். அது வேலை செய்வதே இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு என்கிற வித்தியாசத்தில்தான். துணிக்கடை உடைமாற்றும் அறையில் சந்தேகம் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, மறுபக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். இதைச் சொன்னால் "உங்களுக்கு வியாபாரம் கெட்டுவிடும் என்று பயம்" என்கிறார்கள். இருவழிக் கண்ணாடி நான் விற்பதே இல்லை ஐயா!

அக்ரிலிக்கை நான் மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மழலையர் பள்ளி, பொய்க்கூரை, கல்யாண மேடை அலங்காரம் எல்லாவற்றுக்கும் அதுதான். தலைக்கு மேலே கண்ணாடி ஒட்டச் சொன்னால் நான் வேலையையே எடுக்க மாட்டேன். ஆனால் பூஜை அறையில் குத்துவிளக்குக்குப் பின்னால் அக்ரிலிக் ஒட்டாதீர்கள். 100 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும், தீப்பிடித்தால் எரியவும் செய்யும்.

உங்கள் ஹால் வாடகை இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் சிலிக்கானே வேண்டாம். ஒட்டிய கண்ணாடியை முழுதாகப் பெயர்த்தெடுப்பது அபூர்வம், பெயர்த்தாலும் சுவர்ப்பூச்சோடு வரும், முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள். பிளைவுட் முதுகு வைத்த அலுமினியச் சட்டத்தில் ஆறுக்கு மூன்று அடித் தகடுகளாகச் செய்து, அடியில் தாங்கி வைத்து, மேலே கிளாம்ப் போட்டு மாட்டச் சொல்லுங்கள். காலி செய்கிற நாளில் இரண்டு பேர் கழற்றி வண்டியில் நெட்டுக்குத்தாக நிறுத்திக் கொண்டுபோகலாம். படுக்கப் போட்டு மட்டும் ஏற்ற விடாதீர்கள்.