தாட்டு வைத்த குத்துவிளக்கு: நிழலில் கிடக்கும் நல்ல குணங்கள் பற்றி ஒரு கேள்வி பதில்

போன மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் பின்னேரக் கூட்டம். "நிழல் வேலை" என்று இப்போது எல்லாரும் சொல்கிற விசயத்தைப் பற்றிக் கதைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உளவளத்துணையாளராகப் பதினைந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தும் ஒலிவாங்கியைக் கண்டால் எனக்குத் தொண்டை வறண்டுபோகும். அதனால் கேள்விகளைத் துண்டில் எழுதித் தரச் சொன்னேன். அவற்றில் எட்டு இங்கே. எழுதியவர் யாரென்று பிடிபடாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கனடாவில இருக்கிற மச்சாள் ஒவ்வொரு நாளும் 'ஷடோ வேர்க்' வீடியோ அனுப்புறா. அதில எல்லாரும் தங்கட கெட்ட குணத்தைத் தேடுகினம். என்ர கெட்ட குணத்தை மாமியே சொல்லுவா, நான் ஏன் மினக்கெட்டுத் தேடோணும்? (பரந்தன்)

மாமி சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ, பிறகு உதவும்.

இந்த நிழல் கதையைத் தொடக்கியவர் கார்ல் யுங் என்ற சுவிற்சர்லாந்து மனநல மருத்துவர். 1875இல் பிறந்து 1961இல் இறந்தவர். (1938இல் இந்தியப் பயணத்தோடு இலங்கைக்கும் வந்து கண்டித் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.) சின்ன வயதில் எங்களுடைய எந்தக் குணத்துக்கு அடி விழுந்ததோ, எதைப் பார்த்து ஆட்கள் சிரித்தார்களோ, எது அந்த வீட்டுக்கு ஒத்துவரவில்லையோ, அதையெல்லாம் எங்கள் கண்ணுக்கே படாத மூலைக்குத் தள்ளிவிடுகிறோம். அந்த மூலைக்குத்தான் அவர் நிழல் என்று பேர் வைத்தார். தள்ளப்பட்டது எல்லாம் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. இயல்பான உணர்ச்சிகளும் புதிதாக ஒன்றைப் படைக்கிற துடிப்பும்கூட அங்கே கிடக்கும் என்று 1951இல் வந்த நூலில் எழுதியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அந்தப் பகுதியைப் பொன் நிழல் என்று சொன்னார்கள். வீடியோக்காரருக்கு அது ருசிக்காது போல.

2008இல் இடம்பெயர முதல் அம்மா எங்கள் குத்துவிளக்கை உரப்பையில் சுற்றி மாமரத்தடியில் தாட்டு வைத்தார். 2010இல் திரும்பி வந்தால் மாமரமே இல்லை. கிணற்றுக்கட்டில் இருந்து எட்டு வைத்து அளந்துதான் இடம் பிடித்தோம். விளக்கு முழுக்கப் பச்சைக் களிம்பு. புளி போட்டு மினுக்க அரைநாள் போனது. உங்களில் கனபேர் இப்படித் தையல் மெசினும் தண்ணிப் பம்பும் தோண்டி எடுத்தவர்கள்தானே. நான் தேடச் சொல்வது அப்படித் தாட்டுப்போட்டு இடம் மறந்துபோன சாமான்களை.

எங்கட பள்ளிக்கூடத்தில ஒரு ரீச்சர் மைக் கிடைச்சால் விடமாட்டா. கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் பத்துது. பொறாமைக்காரியா ஆகிட்டனோ எண்டு வெட்கமாக் கிடக்கு. (மாங்குளம், ஆசிரியை)

வெட்கப்படாதேயுங்கோ ரீச்சர். எரிச்சல் பத்துகிற இடத்தில்தான் அனேகமாக எங்களுடைய சாமான் தாண்டு கிடக்கும்.

ஒரு ஒற்றையில் மூன்று பேரை எழுதுங்கோ. உங்களுக்கு எரிச்சல் வருகிறவர் ஒருவர், நீங்கள் தூக்கிவைத்துப் புகழுகிறவர் ஒருவர், ஏனென்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றுகிறவர் ஒருவர். அவர்களை "எடுப்புக்காரி", "நல்ல மனுசன்" என்று எழுத வேண்டாம். அது தீர்ப்பு. அவர் செய்கிற எந்தச் செய்கையைப் பார்த்தவுடன் உங்களுக்குள் ஏதோ கிளம்புகிறது என்று எழுதுங்கோ. அந்த ரீச்சர் ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே தொடர்ந்து பேசுகிறாரா? அப்படியானால் உங்களைச் சுடுவது அவருடைய பேச்சில்லை, பிழைவிட்டும் நிற்காத துணிவு. அடுத்ததாக, அந்தத் துணிவு உங்களிடம் கடைசியாக எந்த வயதில் இருந்தது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று யோசியுங்கோ. பதில் அன்றைக்கே வராது. சட்டி கழுவும்போது வரும்.

என் கதையைச் சொல்கிறேன். முன்பு என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளை கொல்லென்று சிரிப்பாள். அந்தச் சத்தம் கேட்டாலே நான் கதவைச் சாத்திப்போடுவேன். "பொம்பிளைப் பிள்ளை பல்லுத் தெரியச் சிரிக்காதை" என்று அம்மம்மா என் வாயில் தட்டிய ஞாபகம் வர இரண்டு வருசம் எடுத்தது. இப்போதும் பாதி நாள் வாயைப் பொத்தித்தான் சிரிக்கிறேன்.

எல்லா எரிச்சலையும் இப்படிப் பார்க்கவும் கூடாது. அவர் உங்கள் பாடநேரத்தைப் பறிக்கிறார், நீங்கள் செய்த வேலைக்குத் தன் பேரைப் போடுகிறார் என்றால் அது அநியாயம். அதிபரிடம் போய்ச் சொல்லுங்கோ. நடந்த காரியத்தை விட மனச்சூடு கூடவாக இருந்தால்தான் உள்ளே பார்க்க வேலை இருக்கிறது.

பெட்டை நல்லாப் படம் கீறுறாள். 'நல்லாயிருக்கு' எண்டு சொன்னால் நாவூறு பட்டிடும், தலைக்கனம் ஏறிடும் எண்டு மனிசி பேசுறா. இந்த வேலையால ஆணவம்தானே வளரும்? (புளியங்குளம், தகப்பன்)

நாவூறு என்று பயந்தால் வெள்ளிக்கிழமையில் மிளகாய் சுற்றிப் போடுங்கோ. படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு.

ஆணவம் என்று கேட்டதால் சொல்கிறேன். திமிர் என்ற அர்த்தத்தில்தான் நாங்கள் அந்தச் சொல்லைப் பாவிக்கிறோம். சைவ சித்தாந்தத்தில் ஆணவம் உயிரின் அறிவை மூடுகிற இருள். 'அணு' என்பதிலிருந்து வந்த சொல், உயிரை அணு மாதிரிச் சிறிதாக்கிவிடுகிறது என்பதற்காக. செம்பில் களிம்பு என்று உவமை சொல்வார்கள். அம்மாவின் விளக்கை மினுக்கும்போதுதான் எனக்கு அந்த உவமை விளங்கியது. "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று கைவந்த வித்தையை ஒளித்துக்கொண்டு திரிவதும் களிம்புதான். ஆனபடியால் மகளிடம் "நீ பெரிய ஓவியர்" என்று சொல்ல வேண்டாம். "இந்த மாட்டின்ர கண்ணை எப்பிடிக் கீறினனீ?" என்று கேளுங்கோ. பிள்ளை விளக்கம் சொல்லத் தொடங்கும்.

எத்தினை நாளில முடியும்? (பேர் இல்லை)

தெரியாது, தம்பி. தங்கச்சியோ?

சின்னனில ஊராக்கள் எல்லாரின்ர குரலிலயும் கதைச்சுக் காட்டுவன். 2008இல எனக்கு 17 வயசு. பிடிச்சுக்கொண்டு போயிடுவினம் எண்டு அம்மா மாதக்கணக்கா என்னை உள்ளுக்க ஒளிச்சு வைச்சவ. இருமவும் விடமாட்டா. இப்ப மனிசியின்ர ஆக்கள் எனக்கு 'ஊமை மாப்பிள்ளை' எண்டு பேர் வைச்சிருக்கினம். அந்தக் குரல் எல்லாம் எங்க போச்சு? (புதுக்குடியிருப்பு)

இந்தத் துண்டை நான் சத்தமாக வாசிக்கவில்லை. இங்கேதான் முதல்முறையாகப் பதில் எழுதுகிறேன்.

சுவிற்சர்லாந்தில் ஒரு பிள்ளை தன் குரலை அடக்குவதற்கும் வன்னியில் நீங்கள் அடக்கியதற்கும் காரணம் ஒன்றில்லை. உங்களை ஒருவரும் மட்டம் தட்டவில்லை. வெளியில் தெரிந்தால் ஆபத்து, அதனால் அம்மா தாட்டு வைத்தார். அந்த மௌனத்தோடு சண்டை பிடிக்க வேண்டாம், உயிரைக் காத்த சாமான் அது. சிக்கல் என்னவென்றால், "இனி வெளியில வரலாம்" என்று உங்கள் தொண்டைக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆட்கள் கூடினால் உங்களுக்கு வாய் திறக்காதது அதனால்தான். கலியாணப் படத்தில் கடைசி வரிசையில் போய் நிற்கிற உங்கள் வயதுக்காரர் எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன்.

மேடை, கலியாண வீடு ஒன்றும் இப்போது வேண்டாம். சின்னப் பிள்ளை இருந்தால் இரவு நித்திரையாக்கும்போது ஒரு நரியின் குரல், ஒரு கிழவியின் குரல், அவ்வளவும் போதும். பிள்ளைகள் குரலைப் பார்த்து நீங்கள் யாரென்று கேட்கமாட்டார்கள், "இன்னொருக்கா" என்றுதான் கேட்பார்கள். தொண்டை இறுகினால் அன்றைக்கு நிறுத்துங்கோ.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாதங்களில் வெளியே யார் நடக்கிறார் என்று காலடிச் சத்தத்திலேயே பிடித்திருப்பீர்கள். குரலைப் பழகிய காதுதானே. அந்தக் காது இன்னும் உங்களிடம் இருக்கிறது. வீட்டில் யார் மனம் சரியில்லாமல் வந்திருக்கிறார் என்று கேற் திறக்கிற சத்தத்திலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன். மனிசியிடம் கேட்டுப் பாருங்கோ.

இரவில கண்ணாடிக்கு முன்னால இருந்து வீடியோவில சொன்ன மாதிரிச் செய்தன். நல்லது ஒண்டும் வரேல்ல, முள்ளிவாய்க்கால்தான் வந்தது. மூண்டு நாளா நித்திரை இல்லை. (இடம் போடவில்லை)

நிறுத்துங்கோ. இன்றைக்கே.

மிதிவெடி அகற்றுகிற பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். முழங்காலில் இருந்து ஒரு சாண் நிலத்தைத் துப்பரவாக்கி, தடி நட்டு, பிறகுதான் அடுத்த சாண். மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் தனியாகப் போவதில்லை. இரவில் போவதே இல்லை. இந்த ஊர் மனங்களுக்கும் அப்படியான நிலம் உண்டு. நிழல் வேலை அதற்கான வைத்தியம் இல்லை. அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கோ, காசில்லை. நித்திரைக்கு மருந்து தந்தால் வெட்கப்படாமல் எடுங்கோ. இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அடிக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். உங்களுக்கு ஆபத்து வருகிற மாதிரி யோசனை வந்தால் விடியும் வரை பார்த்திருக்காமல் பக்கத்தில் ஒருவரை எழுப்புங்கோ.

புருசன் இல்லாமல் மூண்டு பிள்ளையளை வளர்த்தனான். வேலிச் சண்டை, சங்கத்தில சண்டை, ஒப்பிசில சண்டை. ஊரில எனக்குப் பேர் பத்திரகாளி. என்னட்ட நல்ல குணம் எங்க ஒளிஞ்சு கிடக்கு எண்டு சொல்லுங்கோ பாப்பம். (முள்ளியவளை)

சவாலோடு எழுதியிருக்கிறீர்கள், அக்கா. கடைசியாகப் பிடித்த ஐந்து சண்டையையும் யாருக்காகப் பிடித்தீர்கள் என்று எண்ணுங்கோ. பாதிக்கு மேல் பிள்ளைகளுக்காகவோ, வாய் திறக்கப் பயந்த அயலாருக்காகவோ இருக்கும். அந்தத் துணிவு ஒளிந்து கிடக்கவில்லை, ஊருக்கே தெரிகிறது. பத்திரகாளி என்று சொல்லிக்கொண்டே பெரிய சண்டைக்கு உங்களைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள், சரியோ?

தாண்டு கிடப்பது வேறொன்று. வற்றாப்பளைக் கதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பக்கத்து ஊர். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடல் கரையில் ஒரு கிழவியாக வந்து இருந்தா. மாடு மேய்க்கிற பெடியளிடம் "பசிக்குது" என்று கேட்டா. அவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்தண்ணியை அள்ளி ஊற்றச் சொன்னா. வைகாசிப் பொங்கலுக்கு உப்புத்தண்ணியில் விளக்கெரிகிற அதிசயத்தைத்தான் சனம் கதைக்கும். எனக்கு என்னவோ, ஊரையே எரித்தவ சின்னப் பெடியளிடம் பசிக்குது என்று வாய்விட்டுக் கேட்டதுதான் பெரிய அதிசயம்.

நீங்கள் கடைசியாக ஒருவரிடம் அப்படிக் கேட்டது எப்போது? இந்தக் கிழமை ஒன்றே ஒன்று கேளுங்கோ. "தலை இடிக்குது, ஒரு பிளேன்ரீ ஊத்தித் தா." மகன் பயந்துவிடுவான், பரவாயில்லை.

எனக்கு வயது 71. பெடியனா இருக்கேக்க கோவலன் கூத்தில கண்ணகிக்கு ஆடினனான். கலியாணத்துக்குப் பிறகு 'சீலை கட்டினவன்' எண்டு பகிடி பண்ணினதால விட்டிட்டன். பாட்டெல்லாம் மறந்துபோச்சு. வயலுக்க தண்ணி மாறேக்க மட்டும் ராகம் வாயில வரும். இந்த வயசில எதைத் தோண்டுறது? (தண்ணீரூற்று)

ஐயா, மறந்துபோச்சு என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ராகம் வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

பொம்பிளை வேசம் கட்டி ஆடினவர்கள் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிரவாக முழித்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு பொம்பிளையின் அழுகையை மேடையில் அழுது பழகின நெஞ்சு அது. பகிடிக்குப் பயந்து நீங்கள் மூடினது கூத்தை மட்டும்தானா, அந்த நெஞ்சையும் சேர்த்தா என்று மனிசியிடம் கேளுங்கோ, அவதான் சரியாகச் சொல்லுவா.

தோண்டுகிற வேலை ஒன்றும் உங்களுக்கு இல்லை. அடுத்தமுறை தண்ணி மாறப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கோ. அவனுடைய போனில் பதியச் சொல்லுங்கோ. சொல் மறந்த இடத்தில் ராகத்தை மட்டும் இழுத்தால் போதும், அந்தச் சொல் தெரிந்த பழைய அண்ணாவிமார் யாராவது முள்ளியவளையில் இருப்பார்கள். பதிந்ததை எனக்கும் ஒருக்கால் அனுப்பிவிடுங்கோ.