பாறு, மருந்து, ஐந்து லட்சம் உயிர்கள்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாறு கழுகுகளின் அழிவைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் எருமைகளும் சில நாட்டு மாடுகளும் வைத்துப் பிழைப்பவன் நான். என் அப்பா காலத்தில் மாடு செத்தால் ஒரு மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். அதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே பறவை குறைந்ததை மறுக்கவில்லை. ஆனால் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. முதலில் ஏதோ கிருமி என்றார்கள், பிறகு மாட்டு மருந்து என்றார்கள். நாளை வேறொன்று சொல்ல மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? இரண்டாவது, பாறு இல்லாமல் போனதால் ஐந்து லட்சம் மனிதர்கள் இறந்தார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எந்த இறப்புச் சான்றிதழிலும் பாறு என்று எழுதியிருக்காதே, அதை எப்படி எண்ணினார்கள்? மூன்றாவது, ஒவ்வொரு மருந்தாகத் தடை செய்துகொண்டே போனால் வலியில் துடிக்கும் மாட்டுக்கு நாங்கள் எதைக் கொடுப்பது? அறிவியல் அறிஞர்களின் சண்டைக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. மாட்டோடு வாழ்கிற ஒருவர் கேட்கும் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது என்பதால் தாமதித்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிருமியிலிருந்து தொடங்குகிறேன். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறுகளைக் கணக்கெடுத்தபோது 350க்கும் மேற்பட்ட இணைகள் அங்கே கூடு கட்டியிருந்தன. பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில் கூடுகளே இல்லாமல் போயின. மரக்கிளையில் கழுத்து தொங்க, தலை கால்வரை தாழ்ந்து, மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்திருந்த பறவைகளை அவர் பதிவு செய்தார். அது பாதுகாக்கப்பட்ட காடு, இரைக்குப் பஞ்சமில்லை, வேட்டையும் இல்லை. சாவோ பல மாநிலங்களுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் பரவிக்கொண்டிருந்தது. கூட்டமாக ஒரே பிணத்தைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பறவைகள் இப்படி மடிந்தால் தொற்றுநோய் என்று ஐயுறுவதுதான் அன்றைக்கு நியாயமான முதல் ஊகம்.

அந்த ஊகத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் கைவிட்டார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பாகிஸ்தானின் பஞ்சாபில் இறந்து விழுந்த பாறுகளை அறுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றின் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. கிருமி, பூச்சிக்கொல்லி, ஈயம் போன்ற உலோகங்கள் என ஒவ்வொன்றாகத் தேடினார்கள், எதுவும் பொருந்தவில்லை. பிறகுதான் கேள்வியையே மாற்றினார்கள். இப்பறவை தின்பது மாட்டை. அப்படியானால் மாடு எதைத் தின்கிறது, மாட்டுக்கு எதைக் கொடுக்கிறார்கள்? கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் விசாரித்து, சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதும் வாய்வழியாகச் சென்றாலும் உடலில் சேரக்கூடியதுமான மருந்து எது என்று சலித்தபோது டைக்ளோஃபினாக் என்ற ஒரு வலிநிவாரணி மிஞ்சியது. அவ்வெள்ளைப் படிவு கண்ட 25 பறவைகளைச் சோதித்தார்கள்; 25இலும் அந்த மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளைச் சோதித்தார்கள், ஒன்றிலும் இல்லை. அம்மருந்து செலுத்தப்பட்ட கால்நடையின் இறைச்சியைப் பாறுகளுக்கு உணவாகக் கொடுத்துப் பார்த்தபோது அவையும் அதே வெள்ளைப் படிவோடு இறந்தன. இந்த முடிவு 2004ஆம் ஆண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளிவந்தது.

நண்பரே, நீங்கள் 'முதலில் ஒன்று சொன்னார்கள், பிறகு வேறொன்று' என்று குறிப்பிடுவது இந்த இடத்தைத்தான். எனக்கு அந்த மாற்றத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது. உங்கள் எருமை தீவனம் எடுக்காமல் நின்றால் முதலில் வாயைத் திறந்து பார்ப்பீர்கள், பிறகு வயிற்றைத் தட்டிப் பார்ப்பீர்கள், பிறகு சாணத்தைப் பார்ப்பீர்கள். முதலில் வாயைப் பார்த்தது தவறு என்று உங்களை யாரும் குறை சொல்ல முடியாது. நாளை இந்த முடிவு மாறுமா என்று கேட்டால், ஊகத்துக்கு இருந்த இடம் வேறு, இதற்கு இருக்கும் இடம் வேறு என்பேன். 25க்கு 25, 13க்குச் சுழியம், அதற்கு மேல் நேரடிச் சோதனை, பிறகு இந்தியாவிலும் நேபாளத்திலும் இறந்த பறவைகளில் அதே அடையாளம் என்று பல வழிகளில் உறுதிப்பட்ட செய்தி இது.

இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் 'எங்கோ சில மாடுகளுக்குப் போட்ட ஊசியால் கோடிக்கணக்கான பறவை எப்படிச் சாகும்' என்று கேட்கிறார்கள். வெளியில் போடப்படும் கால்நடைப் பிணங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானதில் இந்த நஞ்சு இருந்தாலே போதும், நடந்த அழிவு முழுவதையும் அது விளக்கிவிடும் என்று 2004இலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பிணத்தில் பல பத்துப் பறவைகள் உண்ணும். ஒரு பறவை ஆண்டு முழுவதும் பல பிணங்களை நாடும். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இணை சேர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அப்படிப்பட்ட இனத்தில் வளர்ந்த பறவைகளின் சாவு சற்றே கூடினாலும் ஈடுகட்ட முடியாது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் 99.9 விழுக்காடு குறைந்தன. ஆயிரத்தில் ஒன்று மிஞ்சியது.

இனி உங்கள் இரண்டாவது ஐயம். மூன்றில் இதுவே கடினமானது; உங்கள் கேள்வியில் நியாயமும் இருக்கிறது. ஏயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் செய்த ஆய்வு 2024இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியானது. அவர்கள் இறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. பாறுகள் வாழ ஏற்ற நிலமுள்ள மாவட்டங்களையும் அவற்றுக்கு ஏற்பில்லாத மாவட்டங்களையும் பிரித்துக்கொண்டு, டைக்ளோஃபினாக் மலிவாகி மாட்டுக்குப் பரவலாகத் தொடங்கிய 1994க்கு முன்னும் பின்னும் இரண்டு வகை மாவட்டங்களிலும் மனித இறப்பு வீதம் எப்படி நகர்ந்தது என்று ஒப்பிட்டார்கள். அதற்கு முன் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே நகர்ந்தன. பின்னர் பாறு வாழ்ந்த மாவட்டங்களில் இறப்பு வீதம் 4 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அந்தக் கூடுதலை மக்கள்தொகையோடு பெருக்கினால் 2000க்கும் 2005க்கும் இடையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கூடுதல் இறப்புகள் என்று வருகிறது. பிணங்கள் அழுகிக் கிடந்ததால் தண்ணீர் கெட்டதும், தெருநாய்கள் பெருகியதும், வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் விற்பனை ஏறியதும் அதே காலத்தில் தெரிந்தன என்பது இக்கணக்குக்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் இது ஒரு மதிப்பீடு, தலையெண்ணிக்கை ஆகாது. என் கட்டுரையில் 'இறந்தார்கள்' என்று அறுதியாக எழுதிவிட்டு, 'மதிப்பிடப்படுகிறது' என்ற சொல்லை விட்டது என் பிழை. அதைத் திருத்திவிட்டேன். இதற்கு முன் 2008இல் அனில் மார்கண்டேயாவும் பிறரும் நாய்களின் பெருக்கத்தையும் வெறிநாய்க்கடியையும் மட்டும் கணக்கில் கொண்டு செய்த ஆய்வில், பதினான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 48,000 கூடுதல் இறப்புகள் என்றே வந்தது. இரண்டு எண்களுக்கும் இடையே பத்து மடங்கு தூரம். முந்தையது ஒரே ஒரு வழியைப் பார்த்தது. பிந்தையது எல்லா வழிகளின் மொத்த விளைவையும் பார்த்தது. அதனால் வேறுபாடு வருவது இயல்பே என்றாலும், பிந்தைய எண்ணை இறுதிச் சொல்லாக யாரும் மேடையில் முழங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அந்தப் பிந்தைய ஆய்வு இழப்பை ஆண்டுக்கு 6,900 கோடி டாலருக்கு மேல் என்று பணமாகவும் சொல்கிறது. உயிருக்கு விலை வைத்துப் பெருக்கிய தொகை அது என்பதால் நான் அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. இவற்றில் சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் என் வாதம் தளர்வதில்லை: 48,000 பேர் என்பது ஒரு சிறு நகரம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அறிவியல் அறிஞர்களின் சண்டைக்கு நாங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை நடக்கவில்லை, நண்பரே. தாமதம் வேறு இடத்தில் நடந்தது. 2004இல் காரணம் தெரிந்தது. 2006இல் இந்திய அரசு கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. நேபாளமும் பாகிஸ்தானும் அதே ஆண்டில் செய்தன. மனிதருக்கான டைக்ளோஃபினாக் தடையின்றி விற்றதால், அதன் பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஊசி போடுவது தொடர்ந்தது. மனிதருக்கு ஒருமுறை போட 3 மில்லி போதும்; 30 மில்லி குப்பி யாருக்காக என்று கேட்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 2015இல்தான் 3 மில்லிக்கு மேற்பட்ட குப்பிகள் தடை செய்யப்பட்டன. மருந்து உற்பத்தியாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017இல் நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. இதற்கிடையில் கடைகளில் வேறு மருந்துகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கீட்டோபுரோஃபன் பாறுகளைக் கொல்லும் என்பது தெரிந்தது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்பது தெரிந்தது. இரண்டையும் இந்தியா தடை செய்தது 2023இல். நிமுசுலைடுக்கு 2024 இறுதி வரை பொறுக்க வேண்டியிருந்தது.

இந்த வரிசையைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கு வருவதும் இதே கோபம்தான் என்று நினைக்கிறேன். மருந்து முதலில் சந்தைக்கு வருகிறது, மாடு வளர்ப்பவர் அதை நம்பி வாங்குகிறார், பறவைகள் சாகின்றன, யாரோ சிலர் ஆண்டுக்கணக்கில் பிணங்களைப் பொறுக்கி அறுத்துப் பார்த்து நிறுவுகிறார்கள், அதற்குப் பல ஆண்டுகள் கழித்து மருந்து போகிறது, அடுத்தது வருகிறது. நிறுவ வேண்டிய பொறுப்பு பறவையின் பக்கமே கிடக்கிறது. அதை மருந்தை விற்பவர் பக்கம் மாற்ற வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. கால்நடைக்கென ஒரு புதிய வலிநிவாரணி உரிமம் கேட்டு வந்தால், பாறுகளுக்கு அது தீங்கற்றது என்று முதலில் காட்டட்டும். காட்டும் செலவையும் அதை விற்று லாபம் பார்க்கப் போகிறவரே ஏற்கட்டும். இது ஆகாத காரியமில்லை. மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி இப்படித்தான் சோதிக்கப்பட்டு, பாதுகாப்பானது என்று 2006இல் அறிவிக்கப்பட்டது. டோல்ஃபனமிக் அமிலமும் அப்படியே சோதிக்கப்பட்டுத் தேறியது. கூண்டில் வளரும் பாறுகள் நம்மிடம் மிகச் சிலவே, அவற்றில் சோதிப்பது கொடுமை என்று வாதிடுவோர் உண்டு. அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் சோதிக்காமல் விற்றால் அதே சோதனை காட்டில், கணக்கில்லாத பறவைகள்மேல், யாரும் குறிப்பெடுக்காமல் நடக்கிறது.

இது ஏழை நாட்டுச் சிக்கல் என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் நடந்தது உலகுக்கே தெரிந்த பின்னர், 2013இல், ஸ்பெயின் கால்நடைக்கு டைக்ளோஃபினாக்கை அனுமதித்தது. எங்கள் கால்நடைப் பிணங்களை முறையாகக் கண்காணிக்கிறோம் என்பது அவர்கள் வாதம். 2020இல் கட்டலோனியாவில் ஒரு கரும்பாறு இறந்து கிடந்தது. அதன் உடலிலும் அதே மருந்து, அதே வெள்ளைப் படிவு.

மறுபக்கமும் உண்டு. நேபாளத்தில் ஊர் ஊராகச் சென்று டைக்ளோஃபினாக் குப்பிகளைப் பெற்றுக்கொண்டு மெலாக்சிகாமைக் கொடுத்தார்கள். கிழட்டு மாடுகளைச் சாகும்வரை பராமரித்து, நஞ்சில்லாத அவற்றின் உடலைப் பாறுகளுக்கு வைத்தார்கள். 2013க்குப் பின் அங்கே வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. தடையோடு மாற்று மருந்தும் கைக்கு வந்ததால்தான் அது நடந்தது. 'எதைக் கொடுப்பது' என்ற உங்கள் கேள்வியை அங்கே முதல் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் ஊர் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே ஓடும் மாயாற்றின் கரையில், நீர்மருது மரங்களில், தென்னிந்தியாவின் மிகப் பெரிய வெண்முதுகுப் பாறுக் கூட்டம் இன்றும் கூடு கட்டுகிறது. 2023 டிசம்பரில் தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில் எல்லா வகைப் பாறுகளும் சேர்ந்தே முந்நூறுக்குச் சற்று மேல்தான். சங்கப் பாடல்களில் எருவை என்றும் பாறு என்றும் அத்தனை முறை வரும் பறவையை, நாம் 'பிணந்தின்னி' என்ற ஒற்றை வசையில் அடைத்துவிட்டோம். அதனால்தான் நான் பிடிவாதமாகப் பாறு என்றே எழுதுகிறேன்.

ஆகவே நீங்கள் கேட்டதற்கு நேரான பதில். கால்நடை மருத்துவர் வரும்போது, வலிக்கு மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபனமிக் அமிலம் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டும் மாட்டின் வலியையும் வீக்கத்தையும் குறைப்பவை. என்ன மருந்து என்று தெரியாத ஊசி போட்ட சில நாளுக்குள் மாடு இறந்துவிட்டால், அதை வெளியில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால், ஆத்திரத்தில் அந்த உடலில் நஞ்சு வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதில் புலிக்கு முன் பாறுகள்தான் கொத்தாகச் சாகின்றன. வனத்துறையில் இழப்பீடு கேட்டு விண்ணப்பியுங்கள். பணம் வரத் தாமதமானால் எழுதுங்கள், அதைப் பற்றியும் எழுதுகிறேன். மருந்து எதுவும் போடாமல் வயதாகி இறக்கும் மாட்டை, வனத்துறையினரிடம் சொல்லிவிட்டு, உங்கள் அப்பா போட்ட இடத்திலேயே போடுங்கள்.

அன்புடன்.